கடைசி நொடியில் திரும்ப அழைக்கும் உரிமை: வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
ஜெனீவா பேச்சுகளில் இந்தியாவின் தரப்பை எடுத்துரைக்கும் படைக்குறைப்பு மற்றும் பன்னாட்டுப் பாதுகாப்புப் பிரிவின் அதிகாரிகள்,
வெளியுறவு அமைச்சகம், புது தில்லி.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

மனிதக் கட்டளைக்குக் காத்திராமல் தாமே இலக்கைத் தேர்ந்து தாக்கும் தன்னியக்க ஆயுதங்கள் எழுப்பும் சிக்கல்களை உலக நாடுகள் காலம் தாழ்த்தாமல் ஆராய வேண்டும் என்ற தீர்மானம் 2023 டிசம்பர் 22 அன்று ஐ.நா. பொதுச்சபையில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, 152 நாடுகள் அதை ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்தவை நான்கே நாடுகள்: ரஷ்யா, பெலாரஸ், மாலி, இந்தியா. அந்தத் தீர்மானம் எந்த ஆயுதத்தையும் தடை செய்யவில்லை. உறுப்பு நாடுகளின் கருத்துகளைத் திரட்டி அறிக்கை தருமாறு பொதுச்செயலரைக் கேட்டுக்கொண்டதுதான் அதன் சாரம். மறு ஆண்டு டிசம்பரில் இதே பொருளில் வந்த அடுத்த தீர்மானத்தை எதிர்த்த மூன்று நாடுகளில் இந்தியா இல்லை என்பதைக் கவனித்தேன், ஓரளவு நிம்மதியும் அடைந்தேன். ஆனாலும் எதிர்ப்பிலிருந்து விலகி நிற்பது வேறு, ஒரு வரைவைக் கையில் எடுத்துக்கொண்டு அவைக்குள் நுழைவது வேறு. அளவுமீறிக் காயப்படுத்தும் ஆயுதங்களைக் கட்டுப்படுத்தும் ‘சில மரபுசார் ஆயுதங்கள் உடன்படிக்கை’யின் ஏழாவது மறுஆய்வு மாநாடு 2026 நவம்பரில் ஜெனீவாவில் கூடவிருக்கும் நிலையில், இந்தியா இரண்டாவதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் கட்டுப்பாட்டியல், அதாவது இயந்திரங்களின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் பொறியியல், கற்பிக்கும் ஆசிரியன். என்னிடம் படித்தவர்களில் சிலர் இன்று ட்ரோன் தயாரிக்கும் நிறுவனங்களில் வேலை செய்கிறார்கள். அவர்கள் அந்த வேலைக்குப் போகக்கூடாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. நாட்டின் பாதுகாப்பை அறியாமல் எழுதும் கற்பனாவாதி என்று இம்மடலை ஒதுக்கிவிடாதிருக்கவே இதைக் குறிப்பிடுகிறேன். 2025 மே 8 ஆம் தேதி இரவில், லே முதல் சர் கிரீக் வரை 36 இடங்களைக் குறிவைத்து 300 முதல் 400 வரையிலான ட்ரோன்களைப் பாகிஸ்தான் ஏவியதாக நம் அரசே அறிவித்தது. அத்தனையையும் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துச் சுட்டு வீழ்த்த எந்தப் படையாலும் இயலாது. வானில் வரும் ஆளில்லாப் பொருளை மனிதக் கைக்குக் காத்திராமல் இயந்திரம் வீழ்த்துவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் கவலை எல்லாம், தரையில் யார் இருக்கிறார் என்பதை இயந்திரமே முடிவு செய்து அவர் மேல் பாயும் ஆயுதங்களைப் பற்றியது.

அந்த வேறுபாட்டை விளக்க வெளிநாட்டு எடுத்துக்காட்டு தேவையில்லை. நம் படைகளிடம் இருப்பவையே போதும். இஸ்ரேலில் உருவான ஹார்ப்பி, ஹாரோப் என்ற இரண்டு ஆயுதங்களையும் இந்தியா வாங்கியிருக்கிறது. இரண்டும் இலக்குப் பகுதிக்கு மேல் வட்டமிட்டுக் காத்திருந்து, பிறகு குண்டாகவே மாறிப் பாய்பவை. ஹார்ப்பி 1980-களின் இறுதியில் வடிவமைக்கப்பட்டது. எதிரியின் ரேடார் அலையைத் தேடி, அலை கிடைத்ததும் அதன் மூலத்தை நோக்கித் தானே இறங்கும். அந்த நேரத்தில் யாருடைய சம்மதமும் அதற்கு வேண்டியதில்லை. அது கேட்பது ரேடார் அலையை மட்டுமே. அந்த ரேடார் வண்டி ஒரு பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி நிறுத்தப்பட்டிருக்கிறதா, பக்கத்தில் ஆம்புலன்ஸ் நிற்கிறதா என்பதெல்லாம் அதன் காதில் விழுவதில்லை. அதன் பின் வந்த ஹாரோப்பில் கேமரா இருக்கிறது. தொலைவில் திரை முன் அமர்ந்திருப்பவர் இலக்கைப் பார்க்கலாம், சந்தேகம் எழுந்தால் பாய்ச்சலைக் கைவிடச் செய்து மறுபடியும் வட்டமிட விடலாம். ஒரே நிறுவனம், ஒரே வகை ஆயுதம், ஒன்றை அடுத்து ஒன்றாக வந்தவை. ஆனாலும் பின்னதில் மனிதனுக்கு இடம் தரப்பட்டிருக்கிறது. தொழில்நுட்பம் வளர வளர மனிதன் தானாகவே வெளியேற்றப்படுவான் என்று சொல்வோருக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு கிடையாது.

நம் நாட்டிலேயே தயாரானதைப் பார்ப்போம். நாக்பூரில் உருவாகும் நாகாஸ்திரா-1 என்ற வட்டமிட்டுத் தாக்கும் ட்ரோனை 480 எண்ணிக்கையில் தரைப்படை கேட்டிருந்தது. அவற்றில் 120 கருவிகள் 2024 ஜூனில் ஒப்படைக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. ஒரு வீரர் முதுகில் சுமந்து செல்லக்கூடிய இந்தக் கருவியின் சிறப்பாக விளம்பரப்படுத்தப்படுவது அதன் குண்டின் எடை அல்ல. இலக்கு கிடைக்காவிட்டாலோ, தாக்குதல் வேண்டாம் என்று முடிவானாலோ அதைத் திரும்ப அழைத்து, பாராசூட் மூலம் தரையிறக்கி, இன்னொரு நாள் பயன்படுத்தலாம் என்பதுதான். செலவைக் குறைக்கவே அப்படி வடிவமைத்திருக்கலாம். எதற்காகச் செய்திருந்தாலும், “வேண்டாம், திரும்பி வா” என்று கடைசி நொடியில் சொல்லும் வசதி ஓர் இந்திய ஆயுதத்தில் இருக்கிறது. மனிதக் கட்டுப்பாட்டைச் சட்டமாக்குவது நடைமுறைக்கு ஒவ்வாதது என்று ஜெனீவாவில் யாராவது வாதிட்டால், அதை மறுப்பதற்கான சான்று நம் படைக் கிடங்கிலேயே இருக்கிறது.

ஆனால் அதே கருவியின் விவரக் குறிப்பில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கின்றன. மனிதர் இயக்கும் முறையில் அது 15 கிலோமீட்டர் வரை செல்லும். தானியங்கி முறையில் 30 கிலோமீட்டர் வரை செல்லும். தானியங்கி முறை என்றால் அது தானே எதிரியைத் தேர்ந்தெடுக்கிறது என்று பொருளல்ல, முன்கூட்டிக் கொடுத்த ஆயத்தொலைவுகளை நோக்கிப் பறக்கிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். அப்படியே இருக்கட்டும். பதினைந்தாவது கிலோமீட்டருக்கு அப்பால், ஏவியவர் பார்த்த காட்சிக்கும் கருவி சென்று சேரும் காட்சிக்கும் இடையில் நிமிடங்கள் கடந்துவிடுகின்றன; அந்த நிமிடங்களில் அங்கே ஒரு டிராக்டர் வந்து நின்றிருக்கலாம். இன்று அந்த இடைவெளியில் இருப்பது ஆயத்தொலைவுகள் மட்டுமே. நாளை அங்கே முகத்தையும் வாகனத்தையும் தேடும் நிரலைப் பொருத்துவதற்கு எந்தச் சட்டமும் தடையாக இல்லை.

டிராக்டர் என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஆய்வகத்தில் இறுதியாண்டு மாணவர்கள் ட்ரோன் கேமராவின் படங்களில் வாகனங்களை இனங்காணும் நிரல் ஒன்றைப் பயிற்றுவித்தார்கள். விவசாயப் பயன்பாட்டுக்கான பணிதான். சோதனைப் படம் ஒன்றில், வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று மாலை வெயிலில் நீண்ட நிழலோடு வரப்போரம் நின்றது. திரையில் அதைச் சுற்றிப் பச்சைக் கட்டம் விழுந்தது, கட்டத்தின் மேல் “லாரி, 0.91” என்று எழுத்து வந்தது. நிழலைத்தான் அந்த நிரல் வண்டியின் பின்பகுதியாக எடுத்துக்கொண்டிருந்தது. அந்த 0.91 என்பது நூற்றுக்குத் தொண்ணூற்றொரு முறை சரியாக இருக்கும் என்ற உறுதி அல்ல. தான் பார்த்த பயிற்சிப் படங்களோடு இந்தப் படம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அந்த நிரல் தனக்குத்தானே போட்டுக்கொண்ட மதிப்பெண். பயிற்சியில் வைக்கோல் டிராக்டர்களே இல்லையென்றால், தெரியவில்லை என்று சொல்லும் அடக்கம் அதற்கு வராது. தெரிந்த பெயர்களில் ஒன்றைத் துணிந்து சொல்லும். மாணவர்கள் சிரித்துவிட்டு மேலும் படங்களைச் சேர்த்தார்கள். போர்க்களத்தில் அப்படிச் சேர்ப்பதற்கான படங்கள் முதல் பிழைக்குப் பிறகுதான் கிடைக்கும்.

அதற்காக மனிதர் தவறே செய்வதில்லை என்று நான் வாதிடப் போவதில்லை. 2019 பிப்ரவரி 27 அன்று காஷ்மீரின் பட்கமில் நம் விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டரை நம் ஏவுகணையே வீழ்த்தியது. அதிலிருந்த ஆறு விமானப்படையினரும் தரையிலிருந்த ஒருவரும் இறந்தார்கள். விமானப்படைத் தளபதி பதௌரியா அவ்வாண்டு அக்டோபரில் அதைப் பெரிய தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் அமெரிக்க ட்ரோன் தாக்கிக் குழந்தைகள் ஏழு பேர் உட்படப் பத்துப் பொதுமக்களைக் கொன்றபோதும் திரைக்கு முன் மனிதர்கள்தான் இருந்தார்கள். அதற்காக அங்கே யாரும் தண்டிக்கப்படவில்லை என்பதும் உண்மை. மனிதன் இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்போருக்கு காபூல் கசப்பான பாடம். எனினும் பட்கமில் விசாரணை நடத்த முடிந்தது, எந்த இடத்தில் யார் எதைச் சரிபார்க்கத் தவறினார் என்று கேட்க முடிந்தது. பயிற்சியில் தானே அமைத்துக்கொண்ட பல லட்சம் எண்களின் கூட்டலாக ஒரு முடிவை வெளியிடும் நிரலிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வழியில்லை.

இதைவிட முக்கியமான இன்னொரு நிகழ்வை நீங்கள் நேரடியாகக் கையாண்டிருப்பீர்கள். 2022 மார்ச் 9 மாலை, நம் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி எல்லையைக் கடந்து பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. உயிரிழப்பு இல்லை. இரண்டு நாள் கழித்து நம் அரசு வருத்தம் தெரிவித்தது. ஆகஸ்டில் மூன்று அதிகாரிகள் பணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒரு நாட்டின் வான்வெளிக்குள் அணு ஆயுதம் வைத்திருக்கும் இன்னொரு நாட்டின் ஏவுகணை ஒலியைவிட வேகமாக நுழைந்த அந்தச் சில நிமிடங்களில், எதிர்ப்பக்கத்தில் யாரோ சிலர் பொறுத்திருந்து பார்க்க முடிவு செய்தார்கள். அது அவர்களது நல்லெண்ணமாக இருந்திருக்கலாம், குழப்பமாகவோ தயக்கமாகவோ கூட இருந்திருக்கலாம். அந்தத் தயக்கத்தின் பலனை நாம் அனுபவித்தோம். ஏவுகணையின் திசையையும் வேகத்தையும் கணித்த உடனே பதிலடியைத் தொடங்கிவிடும் நிரல் அங்கே இருந்திருந்தால், வருத்தம் தெரிவிக்க நமக்கு இரண்டு நாள் கிடைத்திருக்காது. தெற்காசியாவில் இரு தலைநகரங்களுக்கும் இடையே ஏவுகணை பறக்கும் நேரம் நிமிடங்களில் எண்ணப்படுவது. இப்படிப்பட்ட அண்டை நாட்டைக் கொண்டிருக்கும் இந்தியாவுக்கு, இயந்திர வேகத்தைச் சட்டத்தால் தணிப்பதில் மற்ற எந்த நாட்டையும்விடக் கூடுதல் நன்மை உண்டு என்பது என் கணிப்பு.

இனி உங்கள் தரப்பின் காரணங்களுக்கு வருகிறேன். கட்டுப்படுத்தும் சட்டத்துக்கு இது தகுந்த காலமல்ல, பேசுவதானால் மரபுசார் ஆயுதங்கள் உடன்படிக்கைக்குள்ளேயே பேசுவோம், பொதுச்சபையில் இணைப் பாதை தேவையில்லை என்று நீங்கள் கூறிவருகிறீர்கள். இதன் பின்னால் உள்ள அச்சம் எனக்குப் புரிகிறது. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் உலகை வைத்திருப்போர், இல்லாதோர் என்று பிரித்தது. முந்திக்கொண்டவர்கள் கதவைச் சாத்தியபின் மற்றவர்களுக்கு ஒழுக்கம் போதித்தார்கள். தன்னியக்கத் தொழில்நுட்பத்திலும் அதே கதை நடந்துவிடக்கூடாது என்று நீங்கள் நினைப்பது நியாயமே. ஆனால் வேதியியல் ஆயுத உடன்படிக்கையில் இந்தியா நடந்துகொண்ட விதத்தையும் நினைத்துப் பாருங்கள். எல்லா நாடுகளுக்கும் ஒரே விதி என்பதால் 1993-இல் தொடக்கத்திலேயே கையெழுத்திட்டோம். நம்மிடமிருந்த கையிருப்பை வெளிப்படையாக அறிவித்து, 2009-க்குள் முழுவதையும் அழித்தோம். பாகுபாடற்ற சட்டம் வேண்டுமென்றால் அது எழுதப்படும் மேசையில் அமர்ந்திருப்பதுதான் வழி. பிறர் எழுதி முடித்த பிறகு குறை சொல்வதற்கு அணு ஆயுத விஷயத்திலேயே நமக்குப் போதிய பழக்கம் ஏற்பட்டுவிட்டது.

அந்த மேசையில் நமக்கு முன்பே ஓர் இடம் இருந்தது. தன்னியக்க ஆயுதங்கள் பற்றி ஜெனீவாவில் கூடும் அரசு வல்லுநர் குழுவுக்கு 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகள் தலைமை தாங்கியவர் இந்தியத் தூதர் அமன்தீப் சிங் கில். ஆயுதப் பயன்பாட்டு முடிவுகளுக்கான பொறுப்பு மனிதரிடமே இருக்க வேண்டும், அதை இயந்திரத்துக்கு மாற்ற முடியாது என்ற கொள்கை அவரது தலைமையில் உருப்பெற்று, 2019-இல் ஏற்கப்பட்ட பதினொரு வழிகாட்டு நெறிகளில் இடம்பெற்றது. ஓர் இந்தியர் வழிநடத்தி எழுதிய வாசகத்துக்குச் சட்ட வலிமை தர வேண்டும் என்று கேட்கும்போது இந்தியாவே அவசரம் வேண்டாம் என்பதை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. பாகிஸ்தான் 2013 முதலே இத்தகைய ஆயுதங்களுக்கு முழுத் தடை கோரி வருகிறது. அந்தக் கோரிக்கையின் நேர்மையை ஐயுறுகிறீர்கள் என்றால், அதைச் சோதித்துப் பார்க்கக் கையெழுத்துத் தாளை முன்னே நீட்டுவதைவிட எளிய வழி என்ன இருக்கிறது?

படைத்துறையிலிருந்து வரும் எதிர்வாதம் இன்னும் வலுவானது. ரேடியோ அலைகளைக் குழப்பும் ஜாமர் கருவி கொண்டு எதிரி தகவல் தொடர்பைத் துண்டித்துவிட்டால் மனிதர் கட்டளையிட முடியாது, ஆகவே கடைசிக் கட்டத்தை இயந்திரத்திடம் விட்டே ஆகவேண்டும் என்கிறார்கள். உக்ரைன் போரில் ட்ரோன்களுக்குத் தன்னியக்கம் சேர்க்கப்படுவதற்கு இதுதான் முதன்மைக் காரணம். ஆனால் அதே போர்க்களத்தில் 2024 முதல் இரு தரப்பும் இன்னொரு தீர்வையும் கையாள்கின்றன: மெல்லிய ஃபைபர் கேபிளைப் பின்னால் அவிழ்த்துவிட்டபடியே பறக்கும் ட்ரோன். எந்த ஜாமராலும் அதை முடக்க முடியாது; இலக்கைத் தொடும் நொடிவரை இயக்குபவர் கண்ணுக்குத் தெளிவான காட்சி தெரிகிறது. தூரம் குறைவு, கேபிள் மரக்கிளையில் சிக்கும், எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது. இருந்தாலும் ஜாமருக்கு ஒரே மாற்று மனிதனை நீக்குவதுதான் என்ற வாதம் அங்கேயே பொய்த்துவிட்டது. தொடர்பு அறுந்தால் தாக்குதலைத் தொடராமல் விலகிச் சென்று தரையிறங்க வேண்டும் என்று விதித்தாலும் படைக்கு ஏற்படும் இழப்பு சில கருவிகள்தான்.

மனிதக் கட்டுப்பாடு என்று பொதுவாக எழுதிவைத்தால் மட்டும் போதாது என்பதையும் நீங்கள் அறிவீர்கள். காசாவில் நிரல் தயாரித்த பெயர்ப்பட்டியலில் ஒவ்வொரு பெயரையும் சரிபார்க்கச் சுமார் 20 விநாடிகளே செலவிட்டதாக இஸ்ரேலிய உளவுப் பிரிவினர் சிலர் கூறியதை, ‘பிளஸ் 972’ இதழ் 2024 ஏப்ரலில் வெளியிட்டது. அந்நாட்டு ராணுவம் அதை மறுத்தது. யார் சொல்வது சரி என்பதை ஒருபுறம் வைத்தாலும், முத்திரை குத்தும் வேலைக்கு மனிதனை உட்கார வைப்பது கட்டுப்பாடு ஆகாது என்பதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. அதனால்தான் நான் திரும்ப அழைக்கும் வசதியை வற்புறுத்துகிறேன். அது அளந்து பார்க்கக்கூடியது. ஆயுதத்தில் அந்த வசதி இருக்கிறதா, எத்தனை கிலோமீட்டர் வரை வேலை செய்கிறது, தொடர்பு அறுந்தால் கருவி என்ன செய்கிறது என்பதைச் சோதனைத் திடலில் நிறுத்திப் பார்த்துவிடலாம்.

மனிதனின் தேர்வு இல்லாமல் வெடிக்கும் ஆயுதத்தோடு வாழ்வது எப்படியிருக்கும் என்பது தெற்காசியாவுக்குப் புதிதல்ல. கண்ணிவெடியும் மிதிப்பவர் யார் என்று கேட்பதில்லை. 2001-02இல் எல்லையில் படைகள் குவிக்கப்பட்டபோது பஞ்சாபிலும் ராஜஸ்தானிலும் வயல்களில் புதைக்கப்பட்டவை நம் உழவர்களையும் நம் வீரர்களையுமே ஊனமாக்கின. ஈழத்தின் வடக்கில், போர் முடிந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் முகமாலையில் மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறித் தேடும் வேலை நடந்தது. அங்கே முழந்தாளிட்டுத் தேடியவர்களில் போரில் குடும்பத்தை இழந்த பெண்கள் பலர். கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் இலங்கை 2017-இல் இணைந்தது. இந்தியா இன்னும் வெளியே நிற்கிறது. மாறாக, கண்ணைக் குருடாக்கும் லேசர் ஆயுதங்களைக் களத்துக்கு வரும் முன்பே 1995-இல் தடை செய்தது நீங்கள் போற்றும் இதே மரபுசார் ஆயுதங்கள் உடன்படிக்கைதான். அதன் ஐந்து நெறிமுறைகளிலும் இந்தியா உறுப்பினர். வரும் முன் காப்பது இயலும் என்பதற்கு அந்த அவையிலேயே முன்னுதாரணம் இருக்கிறது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். நவம்பர் மாநாட்டுக்கு இந்தியா தன் பெயரில் ஒரு வரைவைக் கொண்டு செல்லட்டும். மனிதரை நேரடி இலக்காகத் தேர்ந்தெடுக்கும் நிரலைக் கொண்ட ஆயுதங்கள் அதில் தடை செய்யப்படட்டும். தரை இலக்குகளைத் தாக்கும் மற்றெல்லா வட்டமிடும் ஆயுதங்களுக்கும், கடைசிக் கட்டம் வரை திரும்ப அழைக்கும் வசதியும், தொடர்பு அறுந்தால் தாக்குதலைக் கைவிடும் அமைப்பும் கட்டாயமாக்கப்படட்டும். வரும் ஏவுகணைகளையும் ஆளில்லாக் கருவிகளையும் வீழ்த்தும் தற்காப்புக் கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்படட்டும். நம் எல்லையின் தேவை அது. அணு ஆயுத ஏவுதலோடு தொடர்புடைய எந்த முடிவும் நிரலிடம் ஒப்படைக்கப்படாது என்று இந்தியா தன்னளவில் முதலில் அறிவித்துவிட்டு, பாகிஸ்தானையும் சீனாவையும் அதே உறுதிமொழிக்கு அழைக்கட்டும்.

புதிய ஆயுதம் ஒவ்வொன்றும் போர்ச் சட்டத்துக்கு உட்பட்டதா என்று முன்கூட்டியே ஆராய வேண்டும் எனக் கூறும் போர்க்கால ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு 1977-இல் சேர்க்கப்பட்ட முதலாம் கூடுதல் நெறிமுறையில் இந்தியா சேரவில்லை. சேராவிட்டாலும் அத்தகைய ஆய்வைச் செய்ய நமக்கு யார் தடை? பன்னாட்டுச் சட்டத்தை மதிக்கும் மனப்பான்மையை வளர்க்க அரசு முயல வேண்டும் என்று நம் அரசமைப்பின் 51 ஆம் பிரிவு வழிகாட்டுகிறது. இந்தியா வாங்கும், தயாரிக்கும் தன்னியக்க ஆயுதங்கள் எந்த நடைமுறையின்படி ஆராயப்படுகின்றன என்பதைப் படை ரகசியம் எதையும் வெளியிடாமலேயே நாடாளுமன்றத்தின் முன் வைக்கலாம். 2023 டிசம்பரில் நம் பெயரால் அளிக்கப்பட்ட வாக்கு பற்றிக் கூட, என் வகுப்பில் அமர்ந்து நாளை இந்தக் கருவிகளை வடிவமைக்கப்போகும் மாணவர்களில் பெரும்பாலோருக்கு எதுவும் தெரியாது. ஜெனீவாவுக்குப் புறப்படும் முன் இந்தியாவின் நிலைப்பாட்டை எழுத்தில் வெளியிட்டு, பொறியாளர்களும் ஓய்வு பெற்ற படையதிகாரிகளும் பொதுமக்களும் கருத்துச் சொல்ல உரிய கால அவகாசம் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அப்படி அழைப்பு வந்தால், பச்சைக் கட்டத்துக்குள் டிராக்டர் லாரியான அந்தப் படத்தையும் அதன் சோதனைக் குறிப்புகளையும் உங்கள் பார்வைக்கு அனுப்பி வைக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கட்டுப்பாட்டியல் ஆசிரியர் ஒருவர்,
கோயம்புத்தூர்.